வண்டி சூடாகுதா? வாட்டர் பம்பைக் கழற்றுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

சித்திரை வெயிலில் மரப்பாலம் சந்திப்பிலோ அரியாங்குப்பம் நெரிசலிலோ பானட்டைத் தூக்கிவைத்து ஓரமாக நிற்கும் காரைச் சுற்றி நாலு பேர் கூடினால், அதில் ஒருவராவது "வாட்டர் பம்ப் போயிருக்கும்" என்று சொல்லாமல் நகர மாட்டார். போயிருக்கலாம், இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கூலன்டை (சூட்டை அள்ளிக்கொண்டு போகும் நீரை) சுற்றவைப்பது அதுதான். ஆனால் ரேடியேட்டர், ஃபேன், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு), மூடி, ஹோஸ், ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு) என்று வண்டியைச் சூடாக்கக்கூடிய சாமான்கள் வரிசையாக நிற்கும்போது, பம்பை மட்டும் மாற்றிவிட்டு மறுபடியும் அதே இடத்தில் நிற்பவர்கள் நிறையப் பேர். முதலில் கேட்க வேண்டியது, எப்போது சூடாகிறது என்பது. நிற்கும்போதா, ஓடும்போதா, கிளப்பிய கொஞ்ச நேரத்திலா, ஏற்றத்திலா? இதற்கு ஒழுங்கான பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. கீழே அப்படித்தான் பிரித்து எழுதியிருக்கிறேன்.

அதற்கு முன்னால் கை பத்திரம். ஓடிக்கொண்டிருந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அந்த மூடி உள்ளே ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, அதனால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் உள்ளே கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். துணியைப் போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். மேல் ஹோஸை வெறுங்கையால் சாதாரணமாகப் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும். காய்ந்த இன்ஜினுக்குள் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம், அதனால் அவசரமே கூடாது. இன்ஜின் அணைந்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும், கையை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

வழியில் டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் ஏறுகிறது என்றால் ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து காற்றையும் வேகமாக வையுங்கள், ஓரம் கட்டி நிறுத்துங்கள். மே மாதத்தில் ஹீட்டர் போடுவது கொடுமைதான், ஆனால் அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர், கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும். சோதனையும் ஆயிற்று: இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே தண்ணீர் இல்லை, அல்லது சுற்றவில்லை என்று அர்த்தம். இன்னொன்று, ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் "அப்பாடா, சரியாயிடுச்சு" என்று ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். சென்சார் இருக்கும் இடத்தில் கூலன்ட் தீர்ந்துபோய் அது வெறும் காற்றை அளந்துகொண்டிருக்கலாம். ஹெட் வளைவது பெரும்பாலும் அந்தக் கடைசிச் சில கிலோமீட்டரில்தான். இப்போது பல சின்ன வண்டிகளில் முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிந்தால் யோசிக்காமல் நிறுத்துங்கள்.

"நின்னா சூடு, ஓடினா சரி"

பம்ப் மேல் பழி போடாதீர்கள். ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது, நிற்கும்போது அந்த வேலையை ஃபேன் செய்ய வேண்டும். ஆக, ஃபேன் சுற்றவில்லை, அல்லது மெதுவாகச் சுற்றுகிறது. வண்டியைக் கிளப்பி ஏசியைப் போடுங்கள், கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார், வயரிங், சென்சார் என்று போக வேண்டியதுதான். இங்கே ஒரு வழக்கம் உண்டு, ஃபேனை "டைரக்ட்" பண்ணி விடுவது, அதாவது சாவி போட்டதுமே சுற்றுகிற மாதிரி வயரை மாற்றிக் கொடுப்பது. ஊர் போய்ச் சேருவதற்குச் சரி. அதையே நிரந்தரமாக வைத்திருந்தால் மோட்டார் சீக்கிரம் தேயும், உண்மையான கோளாறும் மறைந்துகொள்ளும்.

கடற்கரைப் பக்கம் வீடு இருப்பவர்கள் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். தேவனாம்பட்டினம், முத்தியால்பேட்டை மாதிரி இடங்களில் வருடக்கணக்காக வெளியே நிற்கும் வண்டியில், ரேடியேட்டரின் கீழ்ப்பகுதித் தகடுகளை விரல் நுனியால் லேசாகத் தொட்டால் சாம்பல் நிறத்தில் பொடியாகக் கொட்டும். உப்புக் காற்று அரித்துவிட்டது. குழாய் ஒழுகாமல் இருக்கும், தண்ணீர் குறையாது, ஃபேனும் சுற்றும், ஆனால் சூட்டை வெளியே விடும் தகடு இல்லை. அந்த ரேடியேட்டரைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

"ஓடினா சூடு, நின்னா சரி"

இங்கேதான் பம்ப் வருகிறது. டவுனுக்குள் ஒன்றும் தெரியாது, ஆனால் ஈசிஆரில் மரக்காணம் பக்கம் 90, 100 என்று பிடித்தாலோ, நாலு பேரும் லக்கேஜுமாக கேப்பர் மலை ஏறினாலோ முள் எழுந்து நிற்கும். இன்ஜின் அதிகச் சூட்டைக் கொட்டுகிறது, அதை அள்ளிக்கொண்டு போகும் அளவுக்கு கூலன்ட் ஓடவில்லை.

நான் பார்க்கும் வரிசை இது. முதலில் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறதா. இன்ஜின் சூடாகி ஃபேன் ஓடிய பிறகு அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் முகத்தைத் தொடாமல் கையைக் கிட்டே வைத்துப் பார்த்தால், அடைத்த பகுதி மட்டும் சில்லென்று தனியாகத் தெரியும். அடுத்து கீழ் ஹோஸ். பம்ப் உறிஞ்சுவது இந்த ஹோஸ் வழியாக. பழசாகி நைந்துபோனால் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒருவரை ஆக்ஸிலேட்டர் கொடுக்கச் சொல்லி நீங்கள் பாருங்கள், ஹோஸ் சப்பையானால் அதுதான் குற்றவாளி, பம்ப் இல்லை. மூன்றாவது பெல்ட். வெளிப் பெல்ட்டில் சுற்றும் பம்ப் என்றால் பெல்ட் தளர்ந்து வழுக்கினாலும் இதே அறிகுறிதான்.

இந்த மூன்றும் சரி என்றால் பம்பின் இம்பெல்லர். மோர் கடையும் மத்து மாதிரி இலைகள் வைத்த சின்னச் சக்கரம் அது, கூலன்டைத் தள்ளுவது அதுதான். தகடு இம்பெல்லர் என்றால் துரு தின்று இலைகள் குட்டையாகிவிடும். பிளாஸ்டிக் என்றால் சில சமயம் நடுத்துளையில் விரிசல் விழுந்து, தண்டு சுற்ற இம்பெல்லர் சும்மா நிற்கும். வெளியே புல்லி ஜம்மென்று சுற்றும், ஒரு சொட்டு ஒழுகாது, சத்தமும் இல்லை. கழற்றிக் கையில் எடுத்து, புல்லியைப் பிடித்துக்கொண்டு இம்பெல்லரைத் திருகினால் தனியாகச் சுற்றும், அப்போதுதான் தெரியும். வெளியிலிருந்து லேசில் கண்டுபிடிக்க முடியாமல் ஆளை அலையவிடும் கோளாறு இது.

கழற்றாமல் பார்க்க ஒரு வழி, ரேடியேட்டர் மேலேயே மூடி இருக்கும் வண்டிகளுக்கு. காலையில் இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து வைத்துக் கிளப்புங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் உள்ளே கூலன்ட் நகர்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும், லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் வேகம் கூட வேண்டும். ஆடாமல் குளம் மாதிரி நின்றால் பம்ப் தள்ளவில்லை, இல்லை தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. நுரைத்துப் பொங்க ஆரம்பித்தால் உடனே அணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

"கிளப்பின கொஞ்ச நேரத்திலேயே சிவப்பு விளக்கு"

மேல் ஹோஸ் கொதிக்கிறது, கீழ் ஹோஸ் சில்லென்று இருக்கிறது என்றால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கும். கழற்றி அடுப்பில் ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சுங்கள். பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்க ஆரம்பிக்க வேண்டும், அந்த எண் அதன் மேலேயே குத்தியிருக்கும். தண்ணீர் கொதித்தும் திறக்கவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள்.

"நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் தேவையே இல்லை சார், கழட்டி விட்டுடலாம்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் குடிக்கும், அது ஒரு பக்கம். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை மூடும். அதை எடுத்துவிட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும், கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது சூட்டைக் கூட்டும்.

"கீழே சொட்டுது"

முதலில் சொட்டுவது என்ன என்று பாருங்கள். நம் பக்கத்து ஈரக் காற்றில் ஏசி ஓடினால் இடது பக்கக் காலடிக்கு நேர் கீழே தண்ணீர் கொட்டத்தான் செய்யும். நிறமும் வாசனையும் இல்லாத சுத்தத் தண்ணீர் என்றால் அது ஏசி தண்ணீர், விட்டுவிடலாம். விரலில் தொட்டால் கொழகொழவென்று, லேசாக இனிப்பு வாசனையோடு, பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏதாவது நிறத்தில் இருந்தால் கூலன்ட். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம்.

பம்பிலிருந்து வருகிறதா என்று பார்க்க, பெல்ட் பக்கம் டார்ச் அடித்து பம்ப் உடம்பின் அடியில் ஒரு சின்னத் துளையைத் தேடுங்கள். உள்ளே கூலன்ட் கசியாமல் தடுக்கும் சீலுக்கும் தண்டைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் திறக்கும் துளை அது. சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் இது வழியாக வெளியே வரட்டும் என்றே வைத்திருக்கிறார்கள். ஒழுகல் நிற்காமல் சொட்டினால் யாருக்கும் தெரியும். பல நேரம் அப்படி இருக்காது. ஓடும்போது கசிந்து சூட்டில் காய்ந்துவிடும், தரையில் ஒரு சொட்டும் இருக்காது. துளைக்குக் கீழே மட்டும் கண்ணீர் வழிந்த தடம்போல ஒரு கோடு, கூலன்டின் நிறத்திலோ வெள்ளையாகவோ உப்புப் பூத்தபடி இறங்கியிருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம், சீல் முடிந்தது. துளையைச் சுற்றி எம்-சீல் அடைத்து "சரி பண்ணிய" பம்புகளும் பட்டறைக்கு வரும். அடைத்தால் கூலன்ட் பேரிங்குக்குள் இறங்கி கிரீஸைக் கழுவிவிடும். ஒழுகல் நின்றதற்குப் பதிலாகப் பேரிங்கே இறுகி பெல்ட்டை அறுக்கும்.

புதுப் பம்பில் முதல் சில மணி நேரம் இந்தத் துளையில் ஓரிரு சொட்டு ஈரம் வந்தால் பயப்பட வேண்டாம், சீல் உட்காரும்வரை அப்படி இருக்கும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

"பெல்ட் பக்கம் சத்தம்"

கீச்சென்று கத்தினால் பெல்ட், உறுமலோ அரைக்கிற சத்தமோ என்றால் பேரிங் என்று பொதுவாகச் சொல்லலாம். உறுதி செய்ய, இன்ஜின் ஓடும்போது பெல்ட்டின் உள்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் பெல்ட், எந்த வித்தியாசமும் இல்லை என்றால் பேரிங். அப்புறம் இன்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, பம்ப் புல்லியை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. சுற்றிப் பார்த்தால் மணல் அரைபடுகிற மாதிரி விரலில் தெரிந்தாலும் பம்பை மாற்றுங்கள். ஆல்டர்னேட்டர், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், ஏசி கம்ப்ரஸர் புல்லிகளையும் இதே மாதிரி சுற்றிப் பாருங்கள், ஒரே பெல்ட்டில் எல்லோரும் இருப்பதால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது ஏமாற்றும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்து, அதன் பின்னாலேயே தென்பெண்ணை வெள்ளமும் வந்ததே, அப்போது சேற்றுத் தண்ணீரில் நின்ற வண்டிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். பெல்ட் பள்ளங்களிலும் புல்லி பேரிங்கிலும் வண்டல் புகுந்தால் பாதிப்பு அன்றைக்கே தெரியாது, பிறகுதான் வரும்.

"தண்ணி குறையுது, ஒழுகல் எங்கயும் இல்லை"

மூடியிலிருந்து தொடங்குங்கள். ரப்பர் வாசர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, கூலன்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். மலிவான சாமான், மாற்றிவிட்டுப் பார்க்கலாம். அதன் பிறகும் குறைகிறது, காலையில் கிளப்பியதும் வெள்ளைப் புகை வந்து நிற்காமல் போகிறது, கூலன்ட் டப்பாவில் விடாமல் குமிழி வருகிறது, ஆயில் மூடிக்கு அடியில் பால் காபி நிறத்தில் பிசுக்கு, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிய உடனேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறது என்று இதில் இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் ஹெட் கேஸ்கெட். இந்த வண்டிக்குப் புதுப் பம்ப் போடுவது வீண் செலவு.

பம்பைச் சாகடிப்பது என்ன?

பெரும்பாலும் நாம் ஊற்றும் தண்ணீர். நம் கடலோரப் பகுதியில் போர் தண்ணீரின் ருசி எல்லோருக்கும் தெரியும், பக்கெட் ஓரத்தில் வெள்ளைப் படிவு கட்டுகிறதே, அதேதான் இன்ஜினுக்குள்ளும் கட்டும். உப்பு அலுமினியத்தை அரிக்கும், படிவுத் துகள் சீலின் வழுவழுப்பான முகத்தைக் கீறும், அந்த முகத்தில் கோடு விழுந்தால் ஒழுகல் ஆரம்பம். வெறும் தண்ணீரில் துரு தடுக்கும் மருந்தும் இல்லை. வழியில் அவசரத்துக்கு எந்த நல்ல தண்ணீரையும் ஊற்றலாம், வண்டி வீடு வரட்டும். வந்த பிறகு எல்லாவற்றையும் வடித்துவிட்டு ஒழுங்கான கூலன்ட் ஊற்றுங்கள். அடர் கூலன்ட் என்றால் சரிபாதி பேட்டரித் தண்ணீர் கலக்க வேண்டும், கலந்தே வருவதில் எதையும் சேர்க்கக் கூடாது. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்கு எந்தப் பொது விதியும் கிடையாது; வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையை வாங்குங்கள். சாதாரண வகையை 2 வருடத்துக்கு ஒருமுறையும் லாங் லைஃப் வகையை 5 வருடத்துக்கு ஒருமுறையும் மாற்றுவது பொதுவான கணக்கு.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்

முதலில் உங்கள் வண்டியில் பம்பைச் சுற்றுவது எந்தப் பெல்ட் என்று தெரிந்துகொள்ளுங்கள். மாருதியின் கே-சீரிஸ் பெட்ரோல் மாதிரி இன்ஜின்களில் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் செயின் உள்ளே, பம்ப் வெளிப் பெல்ட்டில்; நிதானமும் இடமும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். டஸ்டரின் 1.5 டீசல், போலோ, வென்டோ டீசல் போன்றவற்றில் செயினுக்குப் பதிலாக இருக்கும் டைமிங் பெல்ட்தான் பம்பைச் சுற்றுகிறது. அதைத் தொட வேண்டாம், அனுபவமுள்ள ஆளிடம் கொடுங்கள். பல் தவறினால் வால்வும் பிஸ்டனும் மோதலாம். அந்த வகை வண்டியில் டைமிங் பெல்ட் மாற்றும் நேரம் வந்தால் பம்பையும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பம்ப் விலையைவிடப் பிரித்துப் பூட்டும் கூலிதான் பெரிது, பாதி வழியில் பம்ப் ஒழுகினால் அந்தக் கூலி மறுபடியும்.

வெளிப் பெல்ட் வகைக்கு: இன்ஜின் குளிர்ந்த பிறகு பேட்டரி மைனஸைக் கழற்றி, கூலன்டை ஒரு பேசினில் வடியுங்கள். தெருவில் ஊற்றாதீர்கள், இனிப்பாக இருப்பதால் நாய், ஆடு எது வேண்டுமானாலும் நக்கும், செத்துப்போகும். பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே புல்லி போல்ட்டுகளை லேசாகத் தளர்த்திவிடுங்கள், பெல்ட் பிடித்திருக்கும்போது புல்லி சுற்றாது. பிறகு செய்தால் கையோடு சேர்ந்து சுற்றி வெறுப்பேற்றும். பம்ப் போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் பம்பின் வடிவத்தை வரைந்து, எடுத்த போல்ட்டை அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளப் போல்ட் குட்டைத் துளையில் போனால் பிளாக் உடையும்.

பம்ப் ஒட்டிக்கொண்டு வராது. ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள், ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்ப வேண்டாம். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போதுதான் பொறுமை வேண்டும், உளியால் அலுமினிய முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் புதுப் பம்பும் அங்கே கசியும். பிளாஸ்டிக் தகடு, கொஞ்சம் தின்னர், துணி போதும். பழைய பம்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்து இம்பெல்லர் உயரம், இலை வளைந்திருக்கும் திசை, போல்ட் துளைகள் எல்லாம் ஒன்றா என்று பாருங்கள்.

அனபான்ட், அதாவது கேஸ்கெட் பசை, விஷயத்தில் நம் ஆட்களுக்குக் கை தாராளம். பேப்பர் கேஸ்கெட்டோ ஓ-ரிங்கோ கொடுத்திருந்தால் அது மட்டும் போதும், ஓ-ரிங்குக்குக் கொஞ்சம் கூலன்ட் தடவினால் சரி. பசை போடச் சொல்லியிருந்தால் மட்டும் மெல்லிய கோடு. உள்ளே பிதுங்கியது பிய்ந்து போய் ரேடியேட்டர் குழாயில் உட்காரும். போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். 6 மில்லிமீட்டர் போல்ட் என்றால் சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான், அதாவது மணிக்கட்டு பலம். தோள் பலம் காட்டினால் மரை கழன்று கையோடு வரும். கூலன்ட் ஊற்றாமல் "சும்மா ஒரு தடவை" கிளப்பிப் பார்க்க வேண்டாம், உலர்ந்து சுற்றினால் சீல் நொடிகளில் கருகும்.

"புதுப் பம்ப் போட்டும் சூடு குறையல"

முதல் சந்தேகம் ஏர் லாக். காற்றுக் குமிழி சிக்கினால் எவ்வளவு நல்ல பம்பும் தள்ளாது. வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று எடுக்கும் ஸ்க்ரூ இருந்தால் அதைத் திறந்து, மெதுவாக ஊற்றுங்கள். ஸ்க்ரூவில் குமிழி நின்று கூலன்ட் மட்டும் வந்ததும் மூடிவிட்டுக் கிளப்புங்கள், ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். ஹீட்டரில் நல்ல சூடான காற்று வந்தால் காற்று வெளியேறிவிட்டது. மறுநாள் காலையில் கிளப்புவதற்கு முன் கூலன்ட் டப்பாவில் அளவு பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும், ஊற்றிச் சரி செய்யுங்கள். அடுத்த நாளும் இறங்கினால் ஒழுகலைத் தேடுங்கள், மறுபடி ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள். காற்றும் இல்லை, ஒழுகலும் இல்லை, இன்னும் சூடு என்றால் எப்போது சூடாகிறது என்று திரும்பக் கவனியுங்கள். பம்ப் மாற்றியதற்கு முன் எந்த நேரத்தில் ஏறியதோ அதே நேரத்தில்தான் இப்போதும் ஏறுகிறது என்றால் பழைய பம்ப் நல்ல பம்பாகத்தான் இருந்திருக்கும்.